உடல் என்னும் தோட்டமும் அதன் காவலர்களும்

(தோட்ட மக்கள் கூட்டமொன்றில் தகவல் அதிகாரி ஆற்றிய உரை)

 

சில காலத்திற்கு முன்னர் நெகிரி செம்பிலான் தோட்டம் ஒன்றில் குழந்தைகளுக்கான தடுப்பூசியைப் பற்றிப் பேசி முடித்தேன். இளந்தாய் ஒருவர் எழுந்தார். "ஐயா, காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மருந்து கொடுக்கிறோம். அது நியாயம். சிரித்து விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய், ஊசி குத்தி அழ வைப்பது என்ன நியாயம்? அதுவும் ஒன்றா, இரண்டா?" என்று கேட்டார். கூட்டத்தினர் கை தட்டினர். ஒரு மணி நேரம் பேசிய எனக்குக்கூட அவ்வளவு கைதட்டல் கிடைக்கவில்லை!

அன்று நான் கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. அந்தத் தாயின் கேள்விக்கு விடை சொல்ல வேண்டுமானால், முதலில் நம் உடலுக்குள் நடைபெறும் நிர்வாகத்தை அறிந்துகொள்ள வேண்டும். அது ஒரு பெரிய தோட்டத்து நிர்வாகத்திற்குச் சற்றும் குறைந்ததன்று.

நம் தோல்தான் தோட்டத்து வேலி. வேலி சரியாக இருக்கும்வரை கள்வன் உள்ளே வருவது கடினம். ஆனால் பால் வெட்டும் கத்தி விரலைக் கீறிவிடுகிறது. செம்பனை முள் காலில் தைத்துவிடுகிறது. வேலியில் வழி கிடைத்தவுடன் நோய்க் கிருமிகள் உள்ளே புகுந்துவிடுகின்றன. அங்கே அவற்றை எதிர்கொள்ளும் காவலர்களே நம் இரத்தத்திலும் தசையிலும் உள்ள வெள்ளை அணுக்கள். அவர்களும் மனிதர்களைப் போலவே பலவிதம்.

முதலில் ஓடிவருபவர்கள் அன்றாடக் கூலிகள். 'நியூட்ரோபில்' என்பது அவர்கள் பெயர். வெள்ளை அணுக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இவர்களே. நாளொன்றுக்குச் சுமார் 10,000 கோடி பேர் நம் எலும்பு மஜ்ஜையில் பிறக்கிறார்கள். எதிரி யார், எவர் என்று விசாரிக்கும் பொறுமை இவர்களுக்கு இல்லை. பாய்வார்கள், விழுங்குவார்கள், மடிவார்கள். புண்ணில் சீழ் பிடித்திருக்கிறது என்று முகத்தைச் சுளிக்கிறோமே, அந்தச் சீழில் பெரும்பகுதி நமக்காக உயிர்விட்ட இந்தக் கூலிகளின் உடல்களே.

அடுத்து வருபவர் 'மாக்ரோபேஜ்'. கிரேக்க மொழியில் இதற்குப் 'பெருந்தீனிக்காரன்' என்று பொருள். விருந்து வீட்டில் கடைசிப் பந்தி வரை எழுந்திராமல் அமர்ந்திருப்பவரை நாம் அறிவோம் அல்லவா? அவரே இவர். கிருமியையும் தின்பார், போரில் மடிந்த கூலிகளையும் தின்று இடத்தைத் துப்புரவு செய்வார். இத்தகைய விழுங்கும் அணுக்களின் வேலையை விளங்கவைத்தவர் ரஷ்ய அறிஞர் மெச்னிக்காவ். 1882ஆம் ஆண்டில் அவர் இத்தாலி நாட்டு மெசினா நகரில் நட்சத்திர மீனின் குஞ்சு ஒன்றில் சிறு முள்ளைக் குத்திவைத்தார். மறுநாள் பார்த்தபோது அணுக்கள் திரண்டு அம்முள்ளைச் சூழ்ந்து நின்றன. 1908இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. காலில் முள் தைத்து நாம் படும் பாட்டிற்கு யார் பரிசு தருகிறார்கள்!

மூன்றாமவர் கூச்சல்காரர். 'மாஸ்ட்' அணு என்பார்கள். கயிற்றைக் கண்டு "பாம்பு, பாம்பு!" என்று லயத்தையே எழுப்பிவிடும் அண்டை வீட்டுக்காரர் இவர். தூசியோ இறாலோ சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போவதும், உடம்பெல்லாம் தடித்து அரிப்பதும் இவர் கூச்சலால்தான். இவருக்குத் துணையாக 'இயோசினோபில்' என்னும் வகையினர் உண்டு. புழுக்களை எதிர்ப்பது இவர்களுடைய சிறப்புத் தொழில். வெறுங்காலுடன் ஈர மண்ணில் விளையாடும் பிள்ளைகளின் உடலில் கொக்கிப் புழு புகுந்தால், இவர்கள் பெருந்தொகையாகக் கூடிவிடுவார்கள். பிள்ளைக்கு ஒரு சோடிச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தால் இவர்களுக்கும் சிறிது ஓய்வு கிடைக்கும்.

நான்காமவர் கொலையணு. இவர் செய்வது அடையாளக் கார்டுப் பரிசோதனை. நம் உடலின் உயிரணுக்கள் ஏறக்குறைய எல்லாம் தம் மேற்புறத்தில் ஓர் அடையாளச் சின்னத்தைத் தாங்கி நிற்கின்றன. சில கிருமிகள் உயிரணுவுக்குள் புகுந்துகொண்டு, தாம் அகப்படாமல் இருப்பதற்காக அந்தச் சின்னத்தை மறைத்துவிடும். கொலையணு வந்து கார்டு எங்கே என்று கேட்கும். வீட்டில் மறந்துவிட்டேன் என்று அங்கே சொல்ல முடியாது. அபராதமும் இல்லை, மன்னிப்பும் இல்லை; அங்கேயே முடிவு.

இதுவரை கூறியவர்கள் வாசற் காவலர்கள். இவர்களால் முடியாதபோது பெரிய நிர்வாகம் தொடங்குகிறது. அதைத் தொடங்கிவைப்பவர் கிராணியார். 'டென்ரைட்டிக்' அணு என்பது இவர் பெயர். இவர் எதிரியைக் கொன்று குவிப்பவர் அல்லர். அவனுடைய உடலில் ஒரு துண்டை அடையாளமாக எடுத்துக்கொண்டு பெரட்டுக்களத்திற்கு விரைவார். அந்தப் பெரட்டுக்களம் எங்கே இருக்கிறது தெரியுமா? காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது என்கிறோமே, அதுதான்! நெறி கட்டியிருக்கிறது என்றால் உள்ளே பெரட்டு நடக்கிறது என்று பொருள். இந்தக் கிராணியாரின் வேலையைக் கண்டறிந்த ரால்ஃப் ஸ்டைன்மன் என்னும் அறிஞருக்கு 2011இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அறிவிப்புக்கு மூன்று நாள் முன்னரே அவர் காலமாகிவிட்டார்.

பெரட்டுக்களத்தில் காத்திருப்பவர்கள் 'டி' அணுக்களும் 'பி' அணுக்களும் ஆவர். டி அணுக்கள் நெஞ்செலும்பின் பின்னாலுள்ள 'தைமஸ்' என்னும் பள்ளியில் படித்தவர்கள். நானும் ஆசிரியப் பயிற்சி பெற்றவன்தான். ஆனால் இவ்வளவு கடுமையான பள்ளியைக் கேள்விப்பட்டதில்லை. நூற்றுக்குச் சுமார் 95 பேர் தேர்வில் தோல்வியடைகிறார்கள். சொந்த உடலின் சின்னத்தை அடையாளம் காணத் தெரியாதவனுக்கும் தேர்ச்சி இல்லை. சொந்த உடலையே தாக்கத் துணிபவனுக்கும் தேர்ச்சி இல்லை. தோற்றவர்க்கு மறுதேர்வும் கிடையாது.

தேறியவர்களில் ஒரு பிரிவினர் மண்டோர்கள். தாமாகக் கத்தியை எடுக்கமாட்டார்கள். மற்றவர்களை ஏவி வேலை வாங்குவார்கள். இவர்கள் இல்லாவிட்டால் என்ன குறை என்று சிலர் நினைக்கக்கூடும். எய்ட்ஸ் நோயை உண்டாக்கும் கிருமி இந்த மண்டோர்களைத்தான் அழிக்கிறது. அவர்கள் போனபின் உடல் முழுவதும் நிர்வாகம் நிலைகுலைந்து போவதை உலகம் கண்டுகொண்டது. இன்னொரு பிரிவினர் கிருமி புகுந்த உயிரணுக்களைக் கொல்பவர்கள். மூன்றாம் பிரிவினர் சமாதானக்காரர்கள். "போதும், சண்டையை நிறுத்துங்கள். நம் வீட்டையே இடித்துவிடாதீர்கள்" என்று கையைப் பிடித்து இழுப்பவர்கள். இவர்களைப் பற்றிய கண்டுபிடிப்புக்காகவே 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு மூன்று அறிஞர்களுக்கு வழங்கப்பட்டது. சமாதானம் செய்பவனுக்கு வீட்டில் மதிப்பில்லாவிட்டாலும் நாட்டில் மதிப்புண்டு.

பி அணுக்கள் பூட்டுச் செய்பவர்கள். 'எதிர்ப்பொருள்' என்னும் பூட்டைச் செய்து, கிருமியின் கையையும் வாயையும் பூட்டிவிடுவார்கள். ஆனால் ஒரு பி அணுவுக்கு ஒரேயொரு முகம்தான் தெரியும். அந்த முகத்தையுடைய எதிரி முதன்முறையாக வரும்போது, அதற்குரிய ஆளைத் தேடிப்பிடித்து, அவர் தம்மைப் போல் ஆயிரமாயிரம் பேரைப் பெருக்கி, பூட்டுச் செய்து முடிக்க ஒரு வாரத்திற்கு மேலும் ஆகிவிடும். அந்த ஒரு வாரத்தில் ஒரு கைக்குழந்தையின் கதி என்ன? அம்மா, உங்கள் கேள்வியின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது.

போர் முடிந்த பின்னர் வீரர்களில் பெரும்பாலோர் மடிந்துவிடுவார்கள். சிலர் மட்டும் பென்ஷன் பெற்ற பெரியவர்களைப் போல மூலையில் அமர்ந்திருப்பார்கள். இவர்களே நினைவணுக்கள். "அந்தப் பயலை எனக்குத் தெரியாதா? அவன் நடையைப் பார்த்தாலே சொல்லிவிடுவேன்" என்பார்கள். அதே எதிரி மறுபடியும் வந்தால், சில நாளிலேயே படை திரண்டுவிடும். 1918ஆம் ஆண்டின் கொள்ளைக் காய்ச்சலைக் குழந்தைப் பருவத்தில் கண்டு பிழைத்த முதியோர்களை அறிஞர்கள் 90 ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தனர். அக்கிருமியை நினைவு வைத்திருந்த அணுக்கள் அப்போதும் அவர்கள் உடலில் இருந்தன!

ஆக, நோயை ஒருமுறை கண்டவருக்கு நினைவு உண்டு. ஆனால் அந்த முதற் போரிலேயே உயிர் போய்விட்டால் நினைவு யாருக்குப் பயன்படும்? தடுப்பூசி செய்வது இதுதான். கள்வனை வரவிடாமல், அவனுடைய புகைப்படத்தை மட்டும் கிராணியாரிடம் கொடுக்கிறது. பெரட்டு நடக்கிறது, பூட்டுச் செய்கிறார்கள், நினைவணுக்கள் உருவாகின்றன. ஊசி போட்ட இரவில் பிள்ளைக்குச் சிறிது காய்ச்சல் காண்பது பெரும்பாலும் இந்தப் பெரட்டின் ஆரவாரமே.

ஒரு படம் ஒரு கள்வனுக்குத்தான் உதவும் என்பதை நம் மாநிலமே பெரும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. 1998ஆம் ஆண்டின் இறுதியில் ஈப்போ வட்டாரத்தில் தொடங்கிய மூளைக்காய்ச்சல், 1999இன் தொடக்கத்தில் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நீப்பா பகுதிகளில் பரவியதை முதியோர் மறந்திருக்கமாட்டீர்கள். அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணிக் கொசுவுக்குப் புகை அடித்தார்கள். அதற்குரிய தடுப்பூசியும் போட்டார்கள். அப்படியும் பன்றிப் பண்ணைகளில் உழைத்தவர்கள் மடிந்தார்கள். ஊசியில் குறையில்லை. கையில் இருந்தது வேறொருவன் படம்! 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரித்தெடுத்த கிருமி, அதுவரை மருத்துவ உலகம் அறியாதது. சுங்கை நீப்பா கிராமத்தின் பெயரே அதற்கு இடப்பட்டது. மலேசியாவில் நோயுற்ற 265 பேரில் 105 பேர் இறந்தனர். பத்து லட்சத்திற்கு மேற்பட்ட பன்றிகளை அழித்த பின்னரே நோய் அடங்கியது.

ஆகவேதான், அம்மா, ஊசி ஒன்றா இரண்டா என்று கேட்டீர்களே, ஒவ்வொரு கள்வனுக்கும் தனித்தனிப் படம் தேவைப்படுகிறது. ஒரே படத்தை மீண்டும் மீண்டும் காட்டுவது எதற்கென்றால், பாடத்தை ஒருமுறை கேட்டு மறந்துவிடும் மாணவர்கள் அணுக்களிலும் உண்டு. மறுமுறை சொன்னால்தான் மனத்தில் பதியும்.

தட்டம்மையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மற்றக் கள்வர்கள் வீட்டில் புகுந்து பொருளைத் திருடுவார்கள். தட்டம்மைக் கிருமியோ அலுவலகத்தில் புகுந்து பதிவேட்டையே கொளுத்திவிடும். பழைய நோய்களை நினைவு வைத்திருக்கும் அணுக்களில் பலவற்றை அது அழித்துவிடுவதால், அம்மை இறங்கிய பின்னரும் நெடுநாள் பிள்ளை மற்ற நோய்களுக்கு எளிதில் இரையாகிறது. வீட்டு வாசலில் வேப்பிலை கட்டுங்கள், அம்மனை வணங்குங்கள். நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் பிள்ளைக்கு ஒன்பதாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும் போடவேண்டிய ஊசியைத் தவறவிடாதீர்கள்.

பிறந்தவுடன் காசநோய்க்கு, இரண்டு, மூன்று, ஐந்து, பதினெட்டு மாதங்களில் ஆறு நோய்களுக்கான கூட்டு ஊசி. இவற்றையும் மற்றத் தவணைகளையும் தாதியர் குழந்தையின் புத்தகத்தில் எழுதித் தருகின்றனர். மலேசியக் குடிமக்களின் குழந்தைகளுக்கு அரசாங்கக் கிளினிக்கில் இவை இலவசம். தவணை தவறிவிட்டதே, தாதி ஏசுவாரே என்று அஞ்சிப் போகாமல் இருந்துவிடாதீர்கள். ஏச்சு காதோடு போகும். நோய் அப்படிப் போகாது. தவறிய ஊசியைப் பின்னர் போட்டுக்கொள்ளவும் வழியுண்டு. 2000ஆம் ஆண்டில் நம் நாடு இளம்பிள்ளை வாதம் இல்லாத நாடு என்று அறிவிக்கப்பட்டது. ஆயினும் 2019 டிசம்பரில் சபாவில் மூன்று மாதக் குழந்தை ஒன்றுக்கு அந்நோய் கண்டது. கள்வன் ஊரைவிட்டுப் போய்விட்டான் என்று கதவைத் திறந்து வைத்தால் திரும்பி வருவான்.

அந்த இளந்தாய்க்கு நான் இன்று சொல்லும் விடை இதுதான். அம்மா, சிரித்து விளையாடும் பிள்ளையை ஊசியால் அழவைப்பது, அந்தச் சிரிப்பு நிலைக்க வேண்டும் என்பதற்காகவே. பிள்ளை அழும் நேரம் ஐந்து நிமிடம். நினைவணுக்கள் விழித்திருக்கும் காலமோ பல்லாண்டு. வீட்டிற்குச் சென்றதும் பிள்ளையின் புத்தகத்தை எடுத்து, அடுத்த தேதியை ஒருமுறை பாருங்கள். எனக்கு அதுவே பெரிய கைதட்டல்.