உமியும் சாம்பலும் ஊவாவின் செல்வமே!

(கமக்காரரும் பொறியியலாளரும் ஆசிரியரும் கூடிய அப்புத்தளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இம்மலை விளிம்பில் நின்று தெற்கே நோக்கினால் வெல்லவாயச் சமவெளி தெரிகின்றது. வடக்கே மகியங்கனையில் மகாவலி நீர் பாயும் வயல்கள் உள. அங்கே நெல், இங்கே தேயிலை. இவ்விரு உழைப்பாளரையும் இணைக்கும் பொருளொன்று ஆலைகளின் பின்புறத்திற் குவிந்து கிடக்கின்றது. அதுவே உமி.

ஆயிரம் கிலோ நெல்லைக் குற்றினால் ஏறக்குறைய 200 கிலோ உமி எஞ்சும். அதனை எரித்தால் 40 கிலோ அளவில் சாம்பல் கிடைக்கும். நன்கு எரிந்த சாம்பலில் நூற்றுக்கு 85 முதல் 95 பங்கு வரை சிலிக்கா. பீங்கான் செய்வோர் படிகக்கல்லை அரைத்துச் சேர்ப்பது இந்தச் சிலிக்காவுக்காகவே அன்றோ? படிகக்கல்லுக்குப் பதிலாக உமிச் சாம்பலைச் சேர்த்தால் பீங்கான் கலவை குறைந்த வெப்பத்திலேயே இறுகுகின்றது என்பதை 2001இல் இந்திய ஆய்வாளர் எடுத்துக் காட்டினர்.

உமியைக் களிமண்ணுடன் கலந்து செங்கல்லாகச் சுடுவதும் உண்டு. சூளையில் உமி எரிந்துபோக, கல்லினுள் நுண்துளைகள் எஞ்சும். அத்துளைகளில் நிற்கும் காற்று வெப்பத்தை வெளியே விடாது. பாரந்தாங்கும் சுவருக்கு இக்கல் ஏற்றதன்று, வலிமை குறைந்தது. ஆனால் தேயிலை உலர்த்தும் உலையின் தீக்கல்லுக்குப் புறத்தே அடுக்கினால் விறகு மிச்சமாகும். அந்த விறகின் சாம்பலும் வீணன்று. அதிலுள்ள சுண்ணாம்பும் பொட்டாசும் களிமண்ணோடு உருகி மட்பாண்டத்துக்கு மெருகாகும். சீனக் குயவர் பண்டைக் காலத்திலேயே கண்ட உண்மை இது.

எனினும் எரிக்கும் முறை அறிந்து எரித்தல் வேண்டும். ஏறக்குறைய 700 பாகை செல்சியசுக்குள் அடக்கி எரித்த சாம்பலே எளிதில் வினைபுரியும். வெப்பம் மிக மிகச் சிலிக்கா படிகமாகும். அதன் தூசி நுரையீரலை அரிக்கும். முகக்கவசமும் தூசியடக்கும் ஏற்பாடும் இன்றி எந்தத் தொழிலாளியையும் இவ்வேலையில் இறக்குதல் கூடாது.

இனி, இதன் பயன் யாருக்கு? நெல்லை விற்கும்போது உமிக்கு விலை கேட்பார் இல்லை. நாளை அதே உமி விலைபெறுமாயின், இலாபம் இடைத்தரகர் கைக்குப் போவதை நாம் பார்த்துக்கொண்டிருப்பதா? கமக்காரரின் கூட்டுறவுச் சங்கங்கள் உமியைத் திரட்டட்டும். நம் பொறியியலாளர் களிமண்ணையும் சாம்பலையும் சோதித்துக் கலவை வகுக்கட்டும். தோட்டத்து இளைஞர் சூளைத் தொழிலைக் கற்கட்டும். வயலுக்கு வேண்டிய பங்கை வயலுக்கே திருப்பிய பின்னர், மிச்சமே சூளைக்குச் செல்லட்டும்.

பெருந்தொழிற்சாலை எழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு சிறு சூளை, நூறு கல், ஒரு தேயிலை உலை. இவ்வளவிற் சோதனையைத் தொடங்குவோம். விறகுக் கணக்கே அதன் பயனைச் சொல்லும்.