கடற்கரை வீடும் பூச்சு வேலையும்



புதுச்சேரியிலிருந்து கடலோரச் சாலையில் வடக்கே செல்வோர், கோட்டக்குப்பத்தைத் தாண்டியதும் பெரிய முதலியார்சாவடியைக் காண்பர். அதற்கும் வடக்கே மரக்காணத்து உப்பளங்கள். பாத்தியில் உப்பு விளைந்தால் உழைப்பாளிக்குச் சோறு. அதே உப்பு வீட்டுச் சுவரில் விளைந்தாலோ அந்தச் சோற்றில் மண். அச்சுவரைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. அதன் பின்னர் இவ்வட்டாரத்தில் கூரை வீடுகள் பல காங்கிரீட் வீடுகளாயின. நன்மையே, தீக்கு அஞ்சவேண்டுவதில்லை. ஆயினும், குடிபுகுந்த சில ஆண்டுகளிலேயே தரையிலிருந்து முழங்கால் உயரம்வரை பூச்சு ஊதி, பொருக்குப் பொருக்காய் உதிர்வதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். வீட்டுக்காரர் கடன் வாங்கி மேலும் சிமெண்டு அப்புகிறார். அப்புறம் உப்பு இடுப்பளவுக்கு ஏறிவிடுகிறது.

காரணம் யாது? விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோலச் செங்கல் நிலத்தின் ஈரத்தை உறிஞ்சுகிறது. அந்த ஈரத்தில் கரைந்த உப்பும் உடன் ஏறுகிறது. நீர் ஆவியாகிப் போகிறது. உப்போ பூச்சின் அடியில் படிகமாகி, வளர்ந்து, பூச்சைத் தள்ளுகிறது. கெட்டியான சிமெண்டுப் பூச்சு ஈரத்தை எளிதில் வெளிவிடாது. வெளியேற வழியில்லாத ஈரம் மேலே ஏறி வழி தேடுகிறது. ஆகவே அடித்தளத்தின்மேல் ஈரத் தடுப்பு இடாத சுவருக்கு எத்தனை முறை பூசினும் பயனில்லை.

நம் முன்னோர் சுண்ணாம்பால் பூசினர். கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு, நீற்றி, மணலுடன் அரைத்து, கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்தனர். பள்ளியில் சுண்ணாம்பு நீருக்குள் ஊதி, அது பால்போல் வெளுப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவோமல்லவா? சுவரில் நிகழ்வதும் அவ்வினையே. கரியமில வாயுவை ஏற்று மெல்லமெல்லக் கல்லாகிறது. நுண்துளைகள் உள்ளமையால் சுவர் மூச்சு விடும். மரக்காணத்துக்கு வடக்கே ஆலம்பரைக் கோட்டையை 1760இல் ஆங்கிலேயர் தகர்த்தனர். எஞ்சிய செங்கல், சுண்ணாம்புச் சுவர்கள் உப்பங்கழியோரம் இன்றும் நிற்கின்றன.

எனினும் சுண்ணாம்பைச் சர்வரோக நிவாரணியென நான் சொல்லேன். அது பொறுமை கேட்கும். ஒரு பூச்சு இறுகிய பின்னரே அடுத்தது. நாட்கூலி கொடுத்து வீடு கட்டுவோர்க்குப் பொறுமையும் ஒரு செலவே.

சிமெண்டே பூசுவதாயின், கடல்மணல் அறவே கூடாது; அதன் உப்பு கூரைக் கம்பியையும் துருவாக்கும். கலவைக்கு உவர்நீர் ஆகாது. பூசிய பின் ஏழு நாளேனும் நன்னீர் தெளிக்கவேண்டும். குடிநீருக்கே குடம் சுமக்கும் இல்லத்தில் இந்த ஏழு நாள்தான் முதலில் வெட்டுப்படுகிறது! நன்னீருக்கான தொகையையும் மதிப்பீட்டிலேயே எழுதிவிடுதல் நன்று.

இனி, வேலை செய்வோரைப் பற்றி ஒரு சொல். சுண்ணாம்பு அறிந்த கொத்தனார்கள் அருகிவிட்டனர். புதியவரைப் பழக்கவேண்டுமெனில் எங்கே தேடுவது? மணல் சலித்து, கலவை குழைத்து, சாந்துச் சட்டி சுமக்கும் சித்தாட்களில் பெண்கள் மிகுதி. கலவையின் பதம் அவர்கள் கைக்குத் தெரியும். கரண்டி மட்டும் இன்னும் பெரும்பாலும் ஆடவர் கையிலேயே இருக்கிறது.