அரூர் யாருக்கு வாக்களித்தது?

இலக்கியக் கூட்டத்தில் அரசியல்வாதியைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். கேரளத்தின் கே. ஆர். கௌரியம்மா ‘ஆத்மகதா’ என்று தன் வாழ்க்கையைத் தானே எழுதியவர். ஆனால் இன்று நான் பேச வந்தது அவருடைய தேர்தல் கணக்கைப் பற்றி.

1952, 1954இல் திருவிதாங்கூர்-கொச்சி சட்டசபை. 1957 முதல் கேரள சட்டசபை. 1977 போன்ற தோல்விகள் இடையில் வந்தாலும், மொத்தம் 13 வெற்றிகள். முதல் இ.எம்.எஸ். அமைச்சரவையில் வருவாய்த்துறை அவரிடம் இருந்தது. பதவியேற்ற சில நாட்களிலேயே, குடியிருப்போரை நிலத்திலிருந்து வெளியேற்றத் தடை வந்தது. நாளை எங்கே படுப்போம் என்ற பயத்தோடு இருந்த குடும்பங்கள் அதை மறக்குமா?

அதே ஆண்டு சக அமைச்சர் டி. வி. தாமஸை மணந்தார். 1964இல் கட்சி உடைந்தது. கணவர் ஒரு கட்சி, மனைவி ஒரு கட்சி. 1967இல் இருவரும் அதே அமைச்சரவையில், வெவ்வேறு கட்சிக்காரர்களாக உட்கார்ந்தார்கள்.

1987 தேர்தலில் கௌரிதான் ஆளப்போகிறார் என்று கோஷம் எழுந்தது. ஜெயித்த பிறகு முதல்வரானவர் நாயனார். நான் டிப்ளமோ படித்த நர்ஸ். ஆஸ்பத்திரியிலும் தெரிந்த கதைதான் இது: வார்டைத் தாங்குவது ஒருத்தி, நாற்காலி இன்னொருவருக்கு.

1994இல் கட்சி அவரை வெளியேற்றியது. தனிக்கட்சி தொடங்கி, 1996இல் அதே அரூரில், பழைய கட்சியை எதிர்த்து நின்றார். ஜெயித்தார். 2001இலும் ஜெயித்தார். நோயாளி பதவியின் பெயரைப் பார்த்துக் கூப்பிடுவதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு வந்து பார்த்தவளைத்தான் கூப்பிடுவார். அரூரும் அப்படித்தான் செய்தது என்று நினைக்கிறேன்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. வாழ்நாளெல்லாம் எதிர்த்த காங்கிரஸ் அணியில் அவர் அமைச்சரானார். 2006இல், 86 வயதில், அதே அரூர் அவரைத் தோற்கடித்தது. 2011இல் சேர்த்தலையும் கைவிட்டது. மக்களின் நன்றி பட்டா எழுதிக் கொடுத்த நிலமல்ல. அதைக் குறையாக நான் பார்க்கவில்லை. வாக்கு தங்களுடையது என்று அவர்கள் தெரிந்து வைத்திருந்தார்கள்.

நம்மில் பலர் இங்கே குடியுரிமை வாங்கி வாக்களிக்கிறோம். கட்சியின் பெயர் தெரியும். நம் தொகுதி உறுப்பினர் செய்த ஒரு வேலையை நம்மால் சொல்ல முடியுமா? அதைக் கேட்கத்தான் வந்தேன்.