திறந்து கிடந்த வாயில்கள்



பலர் ஒருங்கே புழங்கும் கணினியை ஆளத் தொடங்குவார் முதற்கண் அறிய வேண்டுவன இரண்டு: அதனுள் யார் யார் நுழையலாம், எவ்வெவ் வழியே நுழையலாம் என்பன. கட்டளைகளை நூல் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். இவ்விரண்டையும் அறியாமல் ஒரு நாளும் ஓட்டலாகாது. பெல் ஆய்வகத்தில் 1969-இல் கென் தாம்சனும் தென்னிசு இரிட்சியும் தொடங்கிய யூனிக்சு, ஒரே பொறியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் வகையில் வளர்ந்ததாகலின், ஆளுக்கோர் இடமும் ஆளுக்கோர் உரிமையும் அதன் அடித்தளத்திலேயே அமைந்துள்ளன.

புதிய பயனரைச் சேர்ப்பதென்பது ஒரு கோப்பில் ஒரு வரியைச் சேர்ப்பதே. முக்காற்புள்ளிகளால் அவ்வரி ஏழு கூறாகப் பிரியும்: புகுபெயர், கடவுச்சொல்லுக்குரிய இடம், பயனர் எண், குழு எண், ஆளைப் பற்றிய குறிப்பு, இல்ல அடைவு, அவர்தம் கட்டளைகளை வாங்கிக்கொள்ளும் கூடு. பெயர் நமக்காக, கணினி ஆளை அறிவது எண்ணாலேயே. எவர் எண் 0 ஆகுமோ அவரே வேர்ப் பயனர். அவர்முன் எந்தப் பூட்டும் நில்லாது. எனவே அன்றாட வேலைகளை வேர்ப் பயனராக இருந்து செய்யலாகாது. அழிப்புக் கட்டளையில் ஓரிடைவெளி தவறி விழுந்தாற் போதும். ஓர் அடைவு போகவேண்டிய இடத்தில் வட்டு முழுதும் போய்விடும். ஆள்வோரும் தமக்கென ஓர் எளிய பயனர் பெயரை வைத்துக்கொண்டு, வேண்டும்பொழுது மட்டும் அவ்வுரிமையை வாங்கி, வேலை முடிந்ததும் விட்டுவிடல் வேண்டும்.

கடவுச்சொல்லின் கதை இன்னும் கசப்பானது. இராபர்ட்டு மோரிசும் கென் தாம்சனும் 1979-இல் வெளியிட்ட ஆய்வில், திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 15 ஒற்றை எழுத்தாலேயே ஆனவை. 72 ஈரெழுத்தால் ஆனவை. குறுஞ்சொற்களும் அகரமுதலிச் சொற்களுமாக, நூற்றுக்கு 86 எளிதிற் சிக்கின. அவர்கள் கூறிய மருந்துகளுள் ஒன்றுக்கு உப்பு என்றே பெயர். கடவுச்சொல்லை மறைவடிவாக்குமுன் 4,096 வகையுள் ஒன்றை அதனோடு கலந்துவிட்டால், ஒரே சொல்லை இருவர் வைத்திருப்பினும் மறைவடிவம் பெரும்பாலும் வேறாகும். ஆயினும் அம் மறைவடிவங்கள் இருந்த கோப்பை எவரும் படிக்க முடிந்தது. வேர்ப் பயனர் மட்டுமே படிக்கக்கூடிய தனிக் கோப்புக்கு அவற்றை மாற்றியது பின்னர்தான்.

ஒன்பதாண்டு கழிந்தது. 1988 நவம்பர் 2-ஆம் நாள், அதே மோரிசின் மகனும் கார்னெல் பல்கலைக்கழக மாணவருமான இராபர்ட்டு தாப்பன் மோரிசு ஒரு புழு நிரலை இணையத்தில் விடுத்தார். அது புகுந்த வழிகளைப் பாருங்கள். பிங்கர் என்பது இன்னார் உள்ளே இருக்கின்றாரா என்று அயற்கணினி கேட்டால் விடை சொல்லும் பணிநிரல். அது 512 எழுத்துக் கொள்ளுமிடத்தில் அளவு பாராமல் வாங்கிக்கொண்டது. புழு 536 அனுப்பிற்று. அஞ்சல் கொண்டுசெல்லும் செண்ட்மெயிலில், பிழை நாடுவார்க்கென வைத்த பின்வழி பல இடங்களில் அடைபடாமலே இருந்தது. நட்புக் கணினி என்று பட்டியலிட்டவற்றிலிருந்து வந்தாரைக் கடவுச்சொல் கேளாமலே உள்ளே விட்டனர். எஞ்சிய இடங்களில் புகுபெயரையும் அதனைத் திருப்பிப் போட்டதையும், தன்னிடமிருந்த 432 சொற்களையும் கடவுச்சொல்லாக வைத்துப் பார்த்தது. ஏறத்தாழ 6,000 கணினிகள் சிக்கின என்பது அந்நாளைய மதிப்பீடு. தந்தை காட்டிய ஓட்டையில் மகன் நுழைந்ததைவிட, ஒன்பதாண்டாக அஃது அடைபடாமற் கிடந்ததே வியப்பு! 1990-இல் முறைமன்றம் அவருக்கு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 400 மணிநேரப் பொதுத்தொண்டும் 10,050 தாலர் தண்டமும் விதித்தது.

அந்நாளில் பொறி வந்திறங்கும்போதே பணிநிரல்கள் பல திறந்தே வந்தன. பணிக்கொரு வரியாக இருந்த அமைப்புக் கோப்பில், வேண்டாத வரியின் தலையில் ஒரு குறியிட்டு, கோப்பை மீண்டும் படிக்கச் சொன்னால் அவ்வாயில் அடைபடும். ஐந்து நொடி வேலை. அதனைச் செய்தார்தாம் சிலர். இன்று ஆளும் முறை மாறியிருப்பினும், எவ்வெவ் வாயிலில் எந்நிரல் காத்திருக்கின்றது எனப் பட்டியலிடும் கட்டளை உண்டு. அப்பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும், இஃது யாருக்கு வேண்டும், எப்பயனரின் உரிமையில் ஓடுகின்றது எனக் கேட்க வேண்டும். விடை கிடைக்காததை நிறுத்துக. தொலைவிலிருந்து நுழைவதற்குத் தெல்நெட்டு வேண்டா. அது கடவுச்சொல்லை வெளிப்படையாகவே கம்பியில் அனுப்பும். 1995-இல் உருவான எசு.எசு.எச். அனைத்தையும் மறைத்து அனுப்புகின்றது.

விலகிச் சென்றவரின் வரியை உடனே அழித்துவிடுவது புதியவர் பலரும் செய்யும் பிழை. கோப்புகளின் உடைமை எண்ணால் அறியப்படுவதாகலின், அவ்வெண் நாளை வேறொருவருக்குப் போனால் பழையவரின் கோப்புகளெல்லாம் அவருடையவாகிவிடும். முதலில் பூட்டுக, கோப்புகளை உரியவரிடம் சேர்த்த பின்பே அழிக்க. கடவுச்சொல்லைப் பூட்டினால் மட்டும் போதாது. அவருடைய இல்ல அடைவில் எசு.எசு.எச். திறவுகோல் பதிந்திருப்பின், அவர் அதன்வழியே இன்றிரவும் உள்ளே வரலாம்.