கொடி இரண்டு, கச்சேரி ஒன்று
(மைசூர் விஜயநகர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உலகம் ஏற்காத ஓர் அரசுக்கும், அது பிரிய நினைக்கும் நாட்டுக்கும் இடையே துப்பாக்கி ஒன்றுதான் பேசும் என்று நினைக்கிறோம். நடப்பு அப்படியல்ல.

ஈழத்து வன்னியைப் பாருங்கள். புலிகள் அங்கே காவல்துறை, நீதிமன்றம், வரி எல்லாம் வைத்து ஆட்சி நடத்தினார்கள். ஆனால் கச்சேரியில் இருந்த அரசாங்க அதிபர் கொழும்பு நியமித்த அதிகாரி. ஆசிரியருக்கும் ஆஸ்பத்திரி ஊழியருக்கும் சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது. பிள்ளைகள் எழுதியது இலங்கை அரசின் பரீட்சை. கடையில் செல்லுபடியானது இலங்கை ரூபாய்.

கொழும்பு ஏன் கொடுத்தது? நிறுத்தினால், இவர்கள் என் குடிமக்கள் அல்ல என்று தானே எழுதிக் கொடுத்தது போலாகும். புலிகள் ஏன் தடுக்கவில்லை? அந்தச் சுமை முழுவதையும் தங்கள் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். கொள்கையில் பகை, சம்பளப் பட்டியலில் உறவு!

ஜார்ஜியாவிலிருந்து பிரிந்து நிற்கும் அப்காசியாவிலும் இதே கதை. எங்குரி அணை ஜார்ஜியா பக்கம். மின் நிலையம் அப்காசியா பக்கம். 1992-93 போருக்குப் பிறகும் இருவரும் மின்சாரத்தைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள்.

ஆனால் இந்த உறவுக்குப் பாதுகாப்பு ஏது? சம்பளம் அனுப்பிய அதே கொழும்பு, 1990 முதல் எரிபொருளுக்கும் சிமெண்டுக்கும் உரத்துக்கும் தடை போட்டது. 2002 போர்நிறுத்தத்தில் ஏ-9 சாலை திறந்தது. புலிகள் சரக்குக்கு வரி வாங்கினார்கள். வியாபாரி அதை விலையில் ஏற்றினான். கட்டியது யார்? ஏழைதான். 2005 ஜூனில் சுனாமி நிவாரணத்துக்குக் கூட்டு அமைப்பு கண்டார்கள். ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளுக்குத் தடை விதித்தது. 2006 ஜூலையில் புலிகள் மாவிலாறு மதகை மூடினார்கள், ராணுவம் பாய்ந்தது. ஆகஸ்டில் சாலையும் மூடியது. 2009 மே மாதத்தில் எல்லாம் முடிந்தபோது, வெளியேற விடாத புலிகளுக்கும் குண்டு பொழிந்த ராணுவத்துக்கும் நடுவில் மாண்டவர்கள் நம் மக்கள்.

தோழர்களே, நாம் பிரிவினை கேட்பவர்கள் அல்ல. இந்த மண்ணில் உழைத்து வாழ்பவர்கள். ஆனால் 1991 காவிரிக் கலவரத்தைக் கண்டவர்கள். தண்ணீர் அரசியல் ஆயுதமானால் முதல் அடி எந்தக் குடிசையில் விழும் என்று நமக்குத் தெரியும்.

ஆகவே, எந்தக் கட்சி, எந்த இயக்கம் மேடையேறினாலும் கேளுங்கள்: சண்டை வந்தாலும் தண்ணீர், ரேஷன், பள்ளிக்கூடம், பாதை ஆகிய இந்த நான்கிலும் கை வைக்க மாட்டோம் என்று எழுதித் தருவீர்களா? பதில் வந்த பிறகு கைதட்டலாம்.