மறக்காத சங்கிலி
(நூற்றாண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



லுணுகலையில் உயர்தரத்தில் பௌதிகவியல் கற்ற நாங்கள் சிலர், இன்று ஒரு சிறு பரிசோதனையோடு வந்திருக்கிறோம். மேசையில் ஐந்து ரூபாய் நாணயங்கள் ஒன்றையொன்று தொட்டபடி வரிசையாக இருக்கின்றன. இன்னொரு நாணயத்தைச் சுண்டி ஒரு முனையில் மோதவிடுகிறோம். நடுவில் உள்ளவை அசைவதாகவே தெரியவில்லை. மறுமுனை நாணயம் பாய்கிறது.

சம திணிவுள்ள இரு துணிக்கைகள் ஒரே கோட்டில் சக்தி இழக்காமல் மோதினால், தம் வேகங்களை மாற்றிக்கொள்கின்றன. வரிசை எவ்வளவு நீண்டாலும் தொடக்கத்தில் இருந்த வேகங்கள் அழிவதில்லை, கைமாறுகின்றன.

தேநீர் அப்படியல்ல. கொதிநீரில் பச்சைத்தண்ணீரைக் கலந்தால், சற்று நேரத்தில் எது எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. திணிவு, உந்தம், சக்தி ஆகிய மூன்றின் கணக்கே மிஞ்சும். வழமையான நீரியக்கவியலுக்கு அந்த மூன்றும் போதும். நம் சங்கிலிக்குப் போதாது. துணிக்கைகள் எத்தனையோ, அதில் மாறாத கணியங்களும் அத்தனை. இத்தகையவற்றைத் 'தொகையிடத்தக்க' சங்கிலிகள் என்பார்கள். ஒரு பாதியைச் சூடாகவும் மறு பாதியைக் குளிராகவும் வைத்து இணைத்தால், ஒவ்வொரு வேகக் கூட்டத்துக்கும் தனிக் கணக்கு எழுத வேண்டும். 2016இல் இரு ஆய்வுக் குழுக்கள் இத்தகைய குவாண்டம் அமைப்புகளுக்கு அப்படியொரு நீரியக்கவியலை வகுத்தன. 1967இல் ஜப்பானியரான தோடா அமைத்த துணிக்கைச் சங்கிலிக்கும் அது பின்னர் விரிவாக்கப்பட்டது. அதே 2016இல் அனுபம் குண்டுவும் அபிஷேக் தாரும் தோடா சங்கிலியைக் கணினியில் ஆராய்ந்தார்கள். அதில் ஏற்படும் சலனம், காலம் இரட்டித்தால் இரட்டிப்புத் தூரம் பரவுவதைக் கண்டார்கள்.

இந்தத் தேடலின் தொடக்கத்தில் ஒரு பெண் இருக்கிறார். அமெரிக்காவின் லொஸ் அலமோஸில் பெர்மி, பாஸ்தா, உலாம் ஆகியோர் விற்சுருள்களால் இணைத்த துணிக்கைகளைக் கணினியில் ஆராய்ந்தனர். ஓர் அலைவுக்குக் கொடுத்த சக்தி எல்லா அலைவுகளுக்கும் பரவிவிடும் என எதிர்பார்த்தனர். அது பெரும்பாலும் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்தது. அந்தக் கணிப்பைக் கணினிக்கு ஏற்றபடி எழுதி இயக்கியவர் மேரி சிங்கூ. 1955இல் வந்த அறிக்கையில் அவருக்கு நன்றி கூறப்பட்டது. ஆசிரியர் வரிசையில் அவர் பெயர் இல்லை. 2008இல்தான் தியரி டொசுவா என்ற பௌதிகவியலாளர், அவர் பெயரையும் சேர்த்தே அழைக்க வேண்டும் என வலியுறுத்தினார்.

சகோதரிகளே, நாங்கள் படித்த கொப்பிகள் அக்காமாரிடமிருந்து கைமாறி வந்தவை. அட்டையில் இருந்த அவர்கள் பெயரை வெட்டிவிட்டு எங்கள் பெயரை எழுதினோம். கணக்குகள் எங்களிடம் வந்து சேர்ந்தன. எழுதியவரின் பெயர் வரவில்லை. அப்பெயர்களில் பலவற்றை இன்று எங்களால் நினைவுகூர முடியவில்லை.

வீட்டில் அத்தகைய கொப்பி இருந்தால் கொண்டு வாருங்கள். வெட்டிய பெயர்களைச் சேர்ந்து வாசிப்போம். தங்கைமாரே, நீங்கள் கொப்பியை வாங்கும்போது முன்னைய பெயரை வெட்டாமல், அதன் கீழே உங்கள் பெயரை எழுதுங்கள்.