இடைவெளிக்கு அஞ்சாதீர்கள்

(நூற்றாண்டு விழாவையொட்டி உயர்தர வகுப்பு மாணவியருக்கு ஆற்றிய உரை)



மேடையில் பேசும்போது இடையிடையே விழுகின்ற ‘வந்து’, ‘அதாவது’, ‘என்னெண்டால்’, ‘இப்ப பாத்தீங்களெண்டால்’ போன்ற சொற்களைக் குறைப்பது எப்படி என்று பேசுமாறு, வைத்தியத்துறைக்குச் சென்ற எங்களைக் கேட்டிருக்கிறார்கள். வைத்தியருக்கும் மேடைப்பேச்சுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் நினைக்கலாம். நாங்கள் நாள்தோறும் பேசித்தான் வைத்தியம் செய்கிறோம். மருந்து எழுதுவது பாதி வேலை. விளங்கச் சொல்வது மீதி வேலை.

ஓர் உதாரணம் பார்ப்போம். டெங்குக் காய்ச்சலில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் குறையும் வேளையிலேயே தொடங்குகிறது. அது 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும். இதை ஒரு தாயிடம், “காய்ச்சல் வந்து குறையும், ஆனா வந்து, என்னெண்டால், கொஞ்சம் கவனமா...” என்று சொன்னால், காய்ச்சல் குறையும் என்பது மட்டுமே அவர் மனதில் தங்கும். “காய்ச்சல் குறைந்தாலும் ஆபத்து நீங்கவில்லை. வயிற்றுவலி, தொடர்ச்சியான வாந்தி, இரத்தக்கசிவு, மிகுந்த சோர்வு, சிறுநீர் குறைதல், இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே கொண்டு வாருங்கள்” என்று சொல்லிவிட்டுச் சற்று நிறுத்தினால், அவர் யோசிப்பார், கேள்வி கேட்பார். அந்தச் சிறு அமைதியும் வைத்தியத்தின் ஒரு பகுதிதான்.

இச்சொற்கள் ஏன் வருகின்றன? முதற் காரணம், அடுத்த சொல்லைத் தேட மூளைக்கு நேரம் தேவைப்படுவது. 2002 இல் ஹேர்பேர்ட் கிளார்க், ஜீன் பொக்ஸ் ட்ரீ என்ற உளவியல் ஆய்வாளர்கள், ஆங்கிலப் பேச்சிடையே வரும் ‘அ’, ‘அம்’ போன்ற ஒலிகள் வெறும் பிழைகள் அல்ல, பேச்சுத் தாமதமாகப் போகிறது என்று கேட்பவருக்கு உணர்த்தும் குறிப்புகள் என்று விளக்கினார்கள். ஆகவே வீட்டில் கதைக்கும்போது அவற்றுக்காக நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. மேடையிலோ, அவை அடுக்கடுக்காக வந்தால் பொருள் மறைந்துவிடும்.

இரண்டாவது காரணம் எமது மொழியின் அமைப்பு. தமிழில் வினைமுற்று பெரும்பாலும் வசனத்தின் இறுதியில் வரும். எங்கே முடிப்பது என்று தெரியாமல் நீண்ட வசனத்தைத் தொடங்கினால், நடுவில் நின்று ‘வந்து, வந்து’ என்று வழி தேட வேண்டியிருக்கும்.

மூன்றாவது காரணம் பயம். பயத்தில் இதயம் விரைவாகத் துடிக்கும், வாய் உலரும், மூச்சு மேலோட்டமாகும். நாம் வெளிவிடும் மூச்சிலேயே பேசுகிறோம். மூச்சுப் போதாமல் போகும்போது வசனம் துண்டுபடும். அந்தத் துண்டுகளை இச்சொற்களால் ஒட்டப் பார்க்கிறோம்.

பெண்களாகிய எமக்கு இன்னுமொரு பயமும் உண்டு. நாம் ஒரு கணம் நிறுத்தினால் வேறு யாராவது குறுக்கே புகுந்து பேசத் தொடங்கிவிடுவார்கள் என்ற பயம் அது. கூட்டங்களில் இந்த அனுபவம் இல்லாத பெண்கள் குறைவு. அதனால் இடைவெளியே விடாமல் ஏதாவது ஒரு சொல்லால் அதை அடைத்துக்கொள்கிறோம். ஆனால் வசனத்தை முடித்து, சபையை நிமிர்ந்து பார்த்தபடி நிறுத்துபவரின் பேச்சில் குறுக்கிடுவதுதான் கடினம். தடுமாறி இழுபடும் பேச்சிலேயே மற்றவர் நுழைவது எளிது.

இனி, செய்யக்கூடியவை. உங்கள் பேச்சைக் கைத்தொலைபேசியில் இரண்டு நிமிடம் ஒலிப்பதிவு செய்து கேளுங்கள். எந்தச் சொல் அதிகம் வருகிறது என்று எண்ணுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் துரத்தாமல், அந்த ஒன்றை மட்டும் முதலில் குறையுங்கள். வசனம் முடிந்ததும் வாயை மூடி, மூக்கினால் மூச்செடுத்து, அடுத்ததைத் தொடங்குங்கள். பேசுபவருக்கு நீண்டதாகத் தோன்றும் அந்த இடைவெளி கேட்பவருக்குக் குறுகியதே. ஒரு கருத்திலிருந்து மற்றதற்குத் தாவும் இடத்தில் இச்சொற்கள் அதிகம் வரும். ஆகவே அந்த இணைப்பு வசனங்களை முன்கூட்டியே ஆயத்தம் செய்யுங்கள். முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் மனனம் செய்யுங்கள். இடையில் குறிப்புகள் போதும். முழுப் பேச்சையும் மனனம் செய்தவர், ஒரு சொல் தவறினாலும் திகைத்து நின்றுவிடுவார்.

தோழி பேசும்போது அவர் சொல்லும் ‘வந்து’களை எண்ணிச் சிரிக்காதீர்கள். பேச்சு முடிந்த பின்னர் தனியே சொல்லுங்கள். சிரிப்பு பயத்தைக் கூட்டும்; பயம் அதே சொற்களை மீண்டும் அழைத்துவரும். திக்கிப் பேசுவது இதிலிருந்து முற்றிலும் வேறானது. அது சோம்பலோ ஆயத்தக் குறைவோ அல்ல. அப்படிப்பட்ட தோழியின் வசனத்தை நீங்கள் முடித்துவிடாமல், அவரே முடிக்கும் வரை காத்திருங்கள். தேவையெனில் பேச்சுச் சிகிச்சையாளர் உதவுவார்.

அன்பு மாணவிகளே, நாளை நீங்கள் நீதிமன்றத்திலோ வகுப்பறையிலோ வைத்தியசாலை விடுதியிலோ பேசுவீர்கள். உங்கள் சொல்லை நம்பி ஒருவர் முடிவெடுப்பார். அவருக்காக வசனத்தை முடியுங்கள், நிறுத்துங்கள், மூச்செடுங்கள். பிறகு தொடருங்கள்.